கொங்குச் சொற்களைக் கணினியில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி மின்னகராதியாகவோ சொற்தரவுத்தளமாகவோ ஆக்க முனைகிற ஆசிரியர்களும் மாணவர்களும் நிரலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. மொழியியல் படித்தவருக்குச் சில பதில்கள் அரிச்சுவடியாகப் படும். நிரல் எழுதுபவருக்கு வேறு சில அப்படிப் படும். இரண்டு பேரும் ஒரே கோப்பில்தான் கை வைக்கப்போகிறார்கள் என்பதால் கலந்தே எழுதியிருக்கிறோம்.

அச்சு அகராதியை அப்படியே தட்டச்சு செய்து போட்டால் போதாதா?

படிக்கிறவருக்குப் போதும், கணினிக்குப் போதாது. "இட்டேரி: இருபுறமும் வேலி உள்ள வழித்தடம்" என்று அச்சில் இருந்தால் நாம் புரிந்துகொண்டு போய்விடுவோம். அது பெயர்ச்சொல் என்பதோ, இட்டேரியை, இட்டேரிக்கு, இட்டேரியில என்று உருபு ஏற்கும் என்பதோ, "இட்டேரில வண்டி போகாதுங்க" என்ற பேச்சில் வருவதும் அதே சொல்தான் என்பதோ கணினிக்குத் தானாகத் தெரியாது. அச்சகராதி வாசகரின் மொழியறிவை நம்பி எழுதப்படுவது. தரவுத்தளத்தில் அந்த அறிவை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்து எழுதி வைக்க வேண்டும்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வரும்: மக்கள் சொன்னது ஒரு கட்டத்தில், நீங்கள் எழுதுவது இன்னொரு கட்டத்தில், நீங்கள் ஊகிப்பது மூன்றாவது கட்டத்தில் இருக்க வேண்டும். கெட்டுப்போன சொற்பட்டியல் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கும்.

ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னிணைப்புத் தொகுதி 1939இல். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் அதைத் தேடிப் பார்க்கலாம். பல வட்டாரச் சொற்கள் அதில் உண்டு. ஆனால் நிறைய இடங்களில் 'வட்டார வழக்கு' என்ற பொதுக்குறி மட்டும் இருக்கும், எந்த வட்டாரம் என்று இராது. இக்காலத் தமிழுக்கு 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்ல அளவுகோல். கொங்குக்கென்றே பெருமாள்முருகன் தொகுத்த சொல்லகராதி இருக்கிறது. இணையத்தில் திறந்த உரிமத்தில் கிடைப்பது விக்சனரி. கலைச்சொல் தேவைப்பட்டால் தமிழ்நாடு அரசின் சொற்குவையைப் பாருங்கள். அங்கே கொங்குச் சொல் தேட வேண்டாம், அது அதற்கான இடம் அல்ல.

ஒரு பதிவில் எத்தனை கட்டங்கள் வேண்டும்?

நிலையான எண், தலைச்சொல், சொன்னபடி எழுதிய வடிவம், சொல்வகை, உருபேற்கும் வகை, பொருள் எண், விளக்கம், பொதுத்தமிழ் இணை, துறை, ஊர், பேசியவரின் வயதுப் பிரிவு, எடுத்துக்காட்டு வாக்கியம், ஒலிக்கோப்பின் பெயர், எங்கிருந்து கிடைத்தது, என்று, யார் சேர்த்தது, சரிபார்க்கப்பட்டதா. இதற்குக் குறைத்தால் பிறகு வருந்துவீர்கள். முதல் மாதத்திலேயே சோம்பலில் விட்டுப்போவது 'எங்கிருந்து, என்று' என்கிற இரண்டும்தான். ஒரு பதிவு தவறோ என்ற சந்தேகம் இரண்டு வருடம் கழித்து எழும்போது, யாரிடம் திரும்பப் போய்க் கேட்பது என்பதை அவை மட்டுமே சொல்லும்.

தலைச்சொல்லையே அடையாள எண்ணுக்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள். எழுத்து திருத்தப்படும், எண் மாறக்கூடாது. நீக்கிய பதிவின் எண்ணை வேறு சொல்லுக்குக் கொடுக்கவும் கூடாது.

'தார்' என்ற சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். சோமனூர்த் தறிக்காரருக்கு அது நாடாவுக்குள் (தறியில் குறுக்கே ஓடும் ஓடத்துக்குள்) உட்காருகிற, ஊடை நூல் (குறுக்கு நூல்) சுற்றிய உருளை. கோபிப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு வாழைத்தார். ரோடு போடுகிறவருக்கு உருக்கி ஊற்றுகிற கறுப்புச் சரக்கு. மாடு ஓட்டுகிறவர் கையில் தார்க்குச்சி. பழம்பாட்டில் வந்தால் மாலை. இவை எல்லாவற்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்கினால் மொழிபெயர்ப்பு நிரல் தறிக்குடோனுக்கு ரோட்டுத் தாரை அனுப்பிவிடும். வேறு வேறு சொற்கள் தற்செயலாக ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன என்றால் தார்1, தார்2 எனத் தனித்தனித் தலைச்சொல்லாகப் பிரியுங்கள். ஒரே சொல்லின் பொருள் விரிந்திருக்கிறது என்றால் ஒரே தலைச்சொல்லுக்குள் பொருள் எண் கொடுங்கள். வாழைக்குலைக்கும் மாட்டுக்கோலுக்கும் 'தாறு' என்று வல்லின றகரம் போட்டு எழுதும் வழக்கமும் இருக்கிறது. அதை மாற்றெழுத்துக் கட்டத்தில் சேருங்கள். இல்லையென்றால் அப்படி எழுதித் தேடுகிறவருக்கு வெறும் திரைதான் கிடைக்கும்.

தறியைச் சுற்றியுள்ள சொற்கள் பலவும் இப்படித்தான். நாடா என்றால் தையல்காரருக்கு வேறு, தறிக்கு வேறு. அச்சு என்பது அச்சகத்துக்கும் வண்டிக்கும் வெல்லம் ஊற்றுவதற்கும் தறிக்கும் நான்கு பொருள். 'துறை' என்ற கட்டம் ஏன் வேண்டும் என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

விளக்கம் எழுதும்போது பொதுத்தமிழ்ச் சொல்லைப் போட்டால் போதுமா?

சீமாறு என்றால் துடைப்பம், ஒப்புட்டு என்றால் போளி, குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி; இவற்றுக்கு அது போதும். கொறங்காட்டுக்குப் போதாது. 'மேய்ச்சல் நிலம்' என்று எழுதி முடித்தால் பாதிப் பொருள் போய்விடும். காங்கேயம், தாராபுரம் பக்கம் மானாவாரியாக விட்டிருக்கும் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும். மேய்வது காங்கேயம் மாடும் செம்மறியும். இத்தனையும் விளக்கத்தில் வர வேண்டும். வேலியும் மரமும் இல்லாத வெறும் புல்வெளியை யாரும் கொறங்காடு என்று சொல்வதில்லை.

ஒறம்பரையா, ஒரம்பரையா, உறம்பரையா? எதைத் தலைச்சொல்லாக வைப்பது?

வீட்டுக்கு வரும் உறவுக்காரரைக் குறிக்கும் இந்தச் சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எதை வைத்தாலும் குற்றமில்லை. ஒன்றை வைத்துவிட்டு மற்றவற்றை அழிப்பதுதான் குற்றம். ஒரு வடிவத்தைத் தலைச்சொல்லாக்கி, மற்றதையெல்லாம் அதே எண்ணுக்கு மாற்றெழுத்தாகக் கட்டுங்கள். எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று வழிகாட்டிக் குறிப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள். றகர ரகரத்தைப் பேச்சில் பிரித்துக் கேட்க முடியாத இடத்தில், 'சரியான' எழுத்தைத் தேடி மாதக்கணக்கில் விவாதிப்பது வீண்.

பேச்சு வடிவத்தைத் திருத்தி எழுத்து வடிவமாக்கித் தலைச்சொல் வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'நோம்பி' என்பதை 'நோன்பு' என்று திருத்தினால் பொருளே கவிழும். கொங்கில் நோம்பி என்றால் திருவிழா. ஊரெல்லாம் கறிச்சோறு மணக்கிற நாளுக்கும் அது பெயர்.

ஒரே சொல்லைத் தேடினால் பாதிப் பதிவுகள்தான் வருகின்றன. ஏன்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது யூனிகோடில் (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரத்தில்) இரண்டாக இருக்கும். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ககரத்தின் குறியெண் 2965. அதோடு ஒகரக் குறி 3018 சேர்ந்தால் கொ. ககரத்தோடு ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என இரண்டைச் சேர்த்தாலும் கொ. திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் இரண்டும் வேறு வேறு. இதற்கு மருந்து, கோப்பில் ஏற்றும்போதே யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தை ஓட்டிவிடுவது. அது இரண்டையும் 3018 ஆக்கிவிடும். தேடுகிறவர் தட்டும் சொல்லுக்கும் அதையே ஓட்ட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இயல்பாக்கம் தீர்க்காத சிக்கல்களும் உண்டு. காலை முதலிலும் கொம்பைப் பிறகும் தட்டியிருந்தால் அது வரிசை மாற்றித் தராது. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த உரையில் கண்ணுக்குத் தெரியாத 8204 என்ற இணைப்புத்தடைக் குறி ஒளிந்திருக்கும். ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ௧, அகரத்துக்குப் பதில் ௮ வந்து உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றிலும் தொல்லை ஔகாரம். 'கௌளி' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுக் 'கெளளி' என்று தட்டுவது பரவலான பழக்கம். "கொம்புக்குப் பின்னால் குறியில்லாத ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்று" என்று ஒரு விதி எழுதத் தோன்றும். செய்தித்தாள் நடைக்கு அது பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். கொங்குப் பேச்சுத் தரவில் ஓட்டினால் கெளம்பு, வெளக்கு, கெளப்பு எல்லாம் கௌம்பு, வௌக்கு, கௌப்பு ஆகிவிடும். எனவே நிரல் சந்தேகமானவற்றைக் குறித்துக் காட்டட்டும், மாற்றுவதை ஆள் பார்த்துச் செய்யட்டும்.

நிரலில் 'கொங்கு' என்பதன் நீளம் ஆறு என்று வருகிறதே?

சரிதான். எழுத்து மூன்று: கொ, ங், கு. யூனிகோட் குறிகள் ஆறு: க, ொ, ங, புள்ளி, க, ு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் மொத்தம் பதினெட்டு. பைட் கணக்கில் கட்ட அளவு வைத்திருந்தால் நீளமான சொல்லின் வால் வெட்டுப்படும். பைத்தான் நிரல்மொழியோடு வரும் இயல்பான ரெஜெக்ஸ் (எழுத்துத் தொடர்களை வடிவம் பார்த்துத் தேடும் கருவி) தொகுப்பில் 'சொல்லெழுத்து' குறியைக் கொண்டு சொற்களைப் பிரித்தால், உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே எண்ணாது. கொங்கு என்பது க, ங, க என்று மூன்று துண்டாகும். தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய 'ரெஜெக்ஸ்' என்ற நூலகத்தில் இந்தக் கோளாறு இல்லை.

அகர வரிசை ஏன் தாறுமாறாக வருகிறது?

யூனிகோட் எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கு அல்ல. தந்நகரத்துக்கு (ந, 2984) அடுத்தே னகரம் (2985), வகரத்துக்கு முன்னாலேயே ளகரமும் ழகரமும். அதனால் எண்வரிசையில் 'வளி' முதலிலும் 'வழி' பிறகும் வரும். தமிழ் அகராதியில் நேர் தலைகீழ். புள்ளியின் எண் 3021, எல்லா மெய்க்கும் பெரியது. ஆகவே 'பக்கம்' முன்னே வர வேண்டிய இடத்தில் 'பகல்' முந்திக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களில், பல மொழிகளின் வரிசை விதிகள் அடங்கிய ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள் இயல்பாகப் பைட் வரிசையில்தான் அடுக்கும். அதற்கு வரிசைச் சாவி என்று தனியாக ஒரு கட்டம் வைப்பது எளிது. மெய்களுக்கு க 01 முதல் ன 18 வரை நெடுங்கணக்குப்படி எண், உயிர்களுக்கு அ 01 முதல் ஔ 12 வரை, ஆய்தம் 13, புள்ளிக்கு 00. தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் மெய்யின் இடத்தில் 00. ஒவ்வோர் எழுத்தும் நான்கு இலக்கம். பகல் என்பது 0901 0101 1300. பக்கம் என்பது 0901 0100 0101 1000. இரண்டாவது எழுத்திலேயே பக்கம் முந்திவிடுகிறது. கிரந்த எழுத்துகளுக்கு 19 முதல் கொடுங்கள்.

'ங்க' சேர்ந்த வடிவங்களை எல்லாம் தனித்தனிச் சொல்லாகச் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். ஆமாங்க, இல்லீங்க, வந்தேனுங்க, எங்கீங்க என்று எதோடும் ஒட்டும் மரியாதை ஒட்டு அது. தனியே ஒட்டுப் பட்டியலில் ஒருமுறை இருந்தால் போதும். ஒவ்வொன்றையும் தலைச்சொல்லாக்கினால் பட்டியல் இரட்டிப்பாகுமே தவிர அறிவு கூடாது. 'ஏனுங்க' மட்டும் விதிவிலக்கு. அது காரணம் கேட்பதற்கு மட்டுமல்ல, ஆளைக் கூப்பிடவும் பேச்சைத் தொடங்கவும் வருவதால் தனிப்பதிவு கொடுக்கலாம்.

ஒட்டைப் பிரிக்கும் நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். "ஊட்டுக்கு வாங்க" என்பதில் வா என்பதோடு ங்க. "நூல் வாங்கப் போனேன்" என்பதில் வாங்கு என்ற வினையோடு அகரம். எழுத்து ஒன்று, பகுப்பு இரண்டு. வாக்கியத்தைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. தமிழுக்கான இலக்கணக் குறியிட்ட தொகுப்புகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று 600 வாக்கியங்கள் கொண்டது, அதுவும் செய்தி நடை. அதில் பயின்ற பகுப்பிக்கு (சொல்லை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் நிரலுக்கு) 'வந்தேனுங்க' புதிது. எடுத்துக்காட்டு வாக்கியம் கட்டாயம் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

வேற்றுமை, கால வடிவங்களை எல்லாம் பட்டியலிட வேண்டுமா?

ஒரு வினைச்சொல் ஒட்டுகளோடு ஆயிரக்கணக்கில் விரியும், பட்டியலிட்டு மாளாது. விதி எழுதுவதே வழி. பெயர்ச்சொல்லுக்கு ஈற்றைப் பார்த்து வகை பிரியுங்கள். இகர ஐகார ஈறு யகரம் பெறும்: பொடக்காலியை (பொடக்காலி என்றால் புழக்கடை), ஒறம்பரையை. மகர ஈறு 'த்து' பெறும்: பணம், பணத்தை. டு, று ஈறுகளில் பல இரட்டிக்கும். சீமாறு எழுத்தில் சீமாற்றால், பேச்சில் சீமாத்தால. சண்டையில் காதில் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஆகவே எழுத்து விதி, பேச்சு விதி என இரண்டு தொகுதி வைக்க வேண்டியிருக்கும். கலந்துவிட்டால் பிழைதிருத்தி இரண்டையும் சரி என்று சொல்லி, பயனற்றதாகிவிடும்.

பிழைதிருத்தி மட்டும் தேவை என்றால் ஹன்ஸ்பெல் போதும். சொல் கோப்பில் முதல் வரியில் தோராயமான சொல்லெண்ணிக்கை, பிறகு வரிக்கொரு சொல்லும் அதன் வகைக்குறியும். ஒட்டுக் கோப்பில் எந்த ஈற்றை நீக்கி எதைச் சேர்ப்பது என்ற விதி. பின்னொட்டுகளை அது இரண்டு அடுக்கு வரைதான் உரிக்கும். 'தோட்டத்துக்குமுங்க' போன்றவற்றில் அடுக்கு கூடிவிடும், அப்போது அடுக்குகளைச் சேர்த்து முன்கூட்டியே ஒரே ஒட்டாக எழுதிக்கொடுக்க வேண்டும். முழுமையான பகுப்பு வேண்டும் என்றால் ஃபோமா போன்ற, விதிகளைக் கொண்டு சொல்லைப் பிரிக்கவும் சேர்க்கவும் செய்யும் நிலைமாற்றிக் கருவிகளுக்குப் போக வேண்டியதுதான். தமிழி மார்ஃப் என்ற திறந்த பகுப்பி அப்படிக் கட்டப்பட்டது. கோவை எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகத்திலும் தமிழ்ச் சொல்வகைக் குறியீட்டிலும் உருபனியல் பகுப்பிலும் வேலை நடந்திருக்கிறது.

சந்தியைப் பற்றி ஒரு சின்னத் தந்திரம். "பொடக்காலிக்குப் போனா" என்பதில் முதல் சொல்லின் வாலில் ப் ஒட்டியிருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்று முடிவதில்லை என்பதால் ஈற்றில் அவை இருந்தால் தயங்காமல் வெட்டலாம். ஃபேஸ்புக், செக், கப் போன்ற கடன்சொற்களுக்கு மட்டும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை மாவட்டப் பெயரால் குறிக்கலாமா?

கூடாது. இதில்தான் பழைய கொங்குத் தரவுகள் மிகவும் அடிபடுகின்றன. ஈரோடு மாவட்டம் 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. காங்கேயத்தில் எடுத்த சொல், எடுத்த ஆண்டைப் பொறுத்து 'கோவை' என்றும் 'ஈரோடு' என்றும் 'திருப்பூர்' என்றும் மூன்று விதமாகக் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் அந்தந்தக் காலத்தில் சரி, ஒன்றாகக் கொட்டினால் ஒரே ஊர் மூன்று வட்டாரமாகிவிடும். நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்ததிலும் இதே கதை.

ஊர்ப்பெயரும், அட்சரேகை தீர்க்கரேகை இரண்டு தசம இடம் வரையும் போதும். இரண்டு தசமம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் துல்லியம். ஊர் தெரியும், பேசியவரின் வீடு தெரியாது. இரண்டுமே நமக்கு வேண்டியது. மாவட்டத்தை இந்த எண்களிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஊருக்குப் போய்ச் சொல் திரட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

ஒலிவாங்கியைக் கண்டதும் பலர் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். "வெடியால" என்று ஐந்து நிமிடம் முன்புவரை பேசியவர் "அதிகாலையில்" என்பார். பொருளைக் கையில் காட்டியோ, வேலை நடக்கும் இடத்தில் நின்றோ பேச்சுக்கொடுங்கள். "இதை ஒறம்பரைன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக "ஆமாங்க" என்பார்கள், அதற்கு மதிப்பில்லை. "ஊட்டுக்கு வந்தவங்கள என்னன்னு சொல்லுவீங்க?" என்பது நல்ல கேள்வி. பதிவு செய்யப்போகிறோம், இணையத்தில் வரும் என்பதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

ஒலியை வேவ் கோப்பாக, ஒற்றைத் தடத்தில், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வாட்ஸாப் குரல்செய்தி சுருக்கப்பட்டு வருவதால், ழகர ளகர வேறுபாட்டை அதை வைத்து ஆராய நினைக்க வேண்டாம். சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்லி நடுவில் உள்ளதை எடுப்பது வழக்கம். முதலிலும் கடைசியிலும் பட்டியல் வாசிக்கும் ராகம் ஏறிவிடும். தறி ஓடும் குடோனுக்குள் பதிவு செய்வது வேண்டாம். சொல்லை அங்கே குறித்துக்கொண்டு, டீக்குடிக்க வெளியே வரும்போது குரலை எடுங்கள்.

உறவுச் சொற்களை ஆங்கில இணையோடு கட்டினால் என்ன தவறு?

அம்மிச்சியும் ஆத்தாவும் ஒரே சொல்லாகிவிடுவார்கள். கொங்கில் அம்மிச்சி தாயின் தாய், அப்பிச்சி தாயின் தந்தை, அப்பாரு தந்தையின் தந்தை, ஆத்தா தந்தையின் தாய். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லை நடுவில் வைத்துப் போய் வந்தால் இந்த வேறுபாடு திரும்பி வராது. இந்திய மொழிகளுக்கான சொல்வலையான (சொற்களைப் பொருள்வழி இணைக்கும் தரவுத்தளமான) இந்தோவேர்ட்நெட் இந்திக் கருத்துகளை அச்சாகக் கொண்டு விரிந்தது. இந்தியில் தாதி (தந்தையின் தாய்), நானி (தாயின் தாய்) என்று இரண்டும் இருப்பதால் அம்மிச்சிக்கு அதில் இடம் கிடைத்துவிடும். இட்டேரிக்கும் கொறங்காட்டுக்கும் அந்த வழியில் இடம் தேடினால் 'பாதை', 'நிலம்' என்ற பொதுக்கருத்தின் கீழ்தான் போய் நிற்கும். அவற்றுக்குப் புதுக் கருத்துக்கணு உண்டாக்கி, மேல்நிலைக் கருத்தோடு மட்டும் இணையுங்கள்.

தோராயத் தேடல் வைப்பவர்கள் கவனிக்க: செட்டிநாட்டில் 'அப்பச்சி' என்றால் அப்பா. கொங்கில் 'அப்பிச்சி' தாத்தா. இரண்டுக்கும் ஒரே ஒரு குறிதான் வித்தியாசம். "ஓரெழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்" என்று நிரலிடம் சொன்னால் அது தலைமுறையையே மாற்றிவிடும்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இருக்கின்றன. என்ன செய்வது?

மாற்றி நிரல்கள் இணையத்தில் உண்டு. நடுவே ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழாக மாறிக் குப்பையாகும். மாற்றும் முன் அதைப் பிரித்துவிடுங்கள். இத்தகைய எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். மோசமான மாற்றிகள் சறுக்குவது இங்கேதான். மூலக்கோப்பை அழிக்காதீர்கள்.

அச்சுப் பக்கங்களை ஒளியுணரியில் (அச்செழுத்துப் படத்தைக் கணினி எழுத்தாக்கும் கருவியில்) படிப்பதென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் எடுத்து, அகராதியின் இரட்டைப் பத்திகளை முதலில் வெட்டிக்கொள்ளுங்கள். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, றா, னா போன்றவை பழைய வடிவில் இருப்பதால் கருவி தடுமாறும். காலும் ரகரமும் மாறிப்போவது எல்லா நூலிலும் வரும் பிழை.

எக்செல் போதுமா?

ஒருவர் மட்டும் சில ஆயிரம் சொற்களில் வேலை செய்வதென்றால் போதும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் கட்டம் பிரித்த உரைக்கோப்பை) இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். தமிழ் சிதைந்து வரும், அதைக் கவனிக்காமல் சேமித்தால் போனது போனதுதான். தரவு இறக்கும் வசதி வழியாகப் போய், குறியாக்கம் 65001 என்ற யூடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள், ஒரு பொருளுக்குப் பல ஊர் என்று வந்தவுடன் ஒற்றைத் தாள் திணறும். தலைச்சொல், பொருள், வடிவம், இடம் என நான்கு அட்டவணைகளாக எஸ்கியூலைட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சொற்பிறப்புக் கட்டத்தை எப்படி நிரப்புவது?

பெரும்பாலும் காலியாக விடுங்கள். 'அதிகம்' என்ற பொருளில் வரும் எச்சு கன்னட ஹெச்சுவோடும், ஒப்புட்டு கன்னட ஒப்பட்டுவோடும் ஒத்திருக்கின்றன. 'ஒப்புநோக்க' என்று எழுதலாம். 'கன்னடத்திலிருந்து வந்தது' என்று எழுத வேறு சான்று வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பழைய வேர் இருக்கவும் கூடும். பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 பதிப்பில் எண் இருந்தால் அந்த எண்ணைக் குறித்தாலே போதும்.

கேட்டால் தானே உரை எழுதும் பெரிய மொழி மாதிரிகள் வந்த பிறகும் இதெல்லாம் எதற்கு?

அவை எழுத்தில் அதிகம் வந்ததைத்தான் நன்றாக அறியும். இட்டேரி எழுத்தில் அரிது. தெரியாத சொல்லுக்கும் அவை தயங்காமல் ஒரு பொருளைச் சொல்லும், அது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஆள் சரிபார்த்த பட்டியல் ஒன்று வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் கருவிக்கு ஊர்ப்பெயரும் தறிச்சொல்லும் கொடுக்கவும் இதே பட்டியல் பயன்படும். ஆனால் மாதிரியிடம் விளக்கம் எழுத வாங்கித் தரவுத்தளத்தில் போடுவது, அளக்க வேண்டிய படியை அரிசிக் கடைக்காரரிடமே செய்யச் சொல்வது போல.

உரிமத்தில் எங்கே சிக்கிக்கொள்வார்கள்?

விக்சனரி உள்ளடக்கம் மேற்கோள் காட்டி அதே உரிமத்தில் பகிர வேண்டியது. 2018 முதல் சொற்பதிவுகளை ஏற்கும் விக்கித்தரவு எந்த நிபந்தனையும் இல்லாத சிசி சுழியம். முதலாவதிலிருந்து விளக்கங்களை அள்ளி இரண்டாவதில் கொட்ட முடியாது. அச்சு அகராதிகளில் இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுவரை உரிமை உண்டு. சொல் யாருக்கும் சொந்தமில்லை, அதற்கு ஒருவர் எழுதிய விளக்கம் அவருடையது. சொல்லை ஊரில் கேட்டு உறுதிசெய்து, விளக்கத்தை நீங்களே எழுதினால் வம்பில்லை.

எத்தனை சொல் சேர்த்ததும் வெளியிடலாம்?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஏதாவது நூறு பதிவுகளைக் குலுக்கி எடுத்து, சொல்வகையையும் பொருள் பிரிப்பையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் குறிக்கக் கொடுங்கள். பத்துக்கு மேல் முரண்பட்டால் ஆட்களைக் குறை சொல்ல வேண்டாம், உங்கள் வழிகாட்டிக் குறிப்பு தெளிவாக இல்லை. அதைத் திருத்தி, வேறு நூறு எடுத்து மறுபடி பாருங்கள். முரண் குறைந்ததும், முந்நூறு சொல்தான் இருந்தாலும், பதிப்பு எண் போட்டு வெளியிடலாம். அடுத்த பதிப்பில் எதை மாற்றினீர்கள் என்ற கோப்பு கூடவே இருக்கட்டும்.